கதவுக்கு அடியில் மூன்று தகடுகள்: ஒரு 1971 எம்.ஜி.பி.யை வாங்கும் முன் பார்த்ததும், அறுத்த பின் தெரிந்ததும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் போனட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். எஞ்சினை முடுக்கி, சத்தம் கேட்டு, அந்தச் சத்தத்திலேயே மனத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பட்டறை வைத்துப் பிழைக்கும் எனக்கு இது பெரிய மனக்குறை. எம்.ஜி.பி. போன்ற காரில் எஞ்சின் கெட்டால் இறக்கிச் சரிசெய்யலாம், வேறொன்றை வாங்கியும் மாட்டலாம். உடல் கெட்டால் காரே இல்லை. கடலோர ஊரில் உடலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு காரை வாங்கும் முன் ஆராய்ந்தோம். பிறகு அதே காரை என் பட்டறையிலேயே அறுத்துத் திறக்கும்படி ஆயிற்று. முன்பு கணித்ததையும் உள்ளே இருந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கார் வேண்டுமென்று வந்தவர் என் தாய்மாமா. ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது எழுபத்து மூன்று. சிறுவயதில் மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1960களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலை ஓரமாக நின்று, கூரை மடக்கிய சிவப்பு எம்.ஜி.பி.கள் போவதைப் பார்த்திருக்கிறார். நிறவெறிச் சட்டத்தால் அந்தக் கடற்கரையில் கால் வைக்கவே எங்களுக்கு அனுமதி இல்லாத காலம். "ஒரு நாள் நானும் ஓட்டுவேன் என்று அப்போதே சொல்லிக்கொண்டேன், தம்பி" என்று அவர் சொன்னபோது, எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அறுபது ஆண்டு ஆசையோடு ஒரு காரின் முன் நிற்பவர் கண்ணுக்குத் துரு எங்கே தெரியப்போகிறது!

கார் 1971ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், அதாவது கூரை மடக்கும் வகை. குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், ஓவர்டிரைவ் (வேகத்தில் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), சிவப்பு வண்ணம். டர்பனுக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில், ஒரு வீட்டு வாசலில் நின்றது. விற்பவர் சொன்னது இது: "ஜோகன்னஸ்பர்க் கார். மேட்டுநிலத்திலேயே இருந்தது. இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. துரு என்பதே கிடையாது." இந்தப் பேச்சின் மதிப்பு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே, வறண்ட காற்றில் இருக்கிறது. அங்கே ஐம்பது ஆண்டு கிடந்த தகடு, இங்கே பத்து ஆண்டு கிடந்த தகட்டைவிட நன்றாக இருக்கும். அதனால் 'மேட்டுநிலக் கார்' என்ற சொல்லுக்கே தனி விலை உண்டு.

மாமா காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நான் பையைத் திறந்து மெல்லிய காந்தம், கைவிளக்கு, சிறு கண்ணாடி, மரப்பலகை, ஜாக்கி, துளையிடும் பிட்டுகள் சில ஆகியவற்றை வெளியே எடுத்தேன். விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் தரையில் படுத்தேன். அனுமதி தராதவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது என் வழக்கம். இவர் தாராளமாகத் தந்தார். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்கு முந்திய எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சட்டகம் உண்டு, உடல் அதன் மேல் உட்காரும். எம்.ஜி.பி.க்கு அப்படி இல்லை, உடலே சட்டகம். அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடிப்பது, முக்கியமாக, கதவுக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் பெட்டிதான். ஆங்கிலத்தில் சில் என்பார்கள், எங்கள் பட்டறையில் அடிப்பெட்டி என்கிறோம். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு ஆகிய மூன்றும், அவற்றுக்குக் கீழே ஒரு சட்டமும் சேர்ந்தது அது. வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது வெளித்தகடு மட்டுமே. அது பளபளவென்று இருக்கும்போதே நடுத்தகடு மண்ணாகிப் போயிருக்கலாம்.

நேர்மையாகப் புதுப்பிக்க வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும் (போல்ட்டில் நிற்பது, கழற்றலாம்), பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை அறுக்க வேண்டும். வெளித்தகட்டின் இரு முனைகளும் அவற்றுக்குள் ஒளிந்திருப்பதே காரணம். சோம்பேறி வேலை செய்பவர் இதையெல்லாம் செய்யமாட்டார். துருப்பிடித்த தகட்டின் மேலேயே, வெளியில் தெரியும் அளவுக்கு மட்டும் புதுத் தகடு ஒன்றைப் பற்றவைத்து, பட்டி பூசி, வண்ணம் அடித்துவிடுவார். இதை 'மூடு தகடு' என்போம். மூடிய இடத்துக்குள் ஈரம் சிக்கிக்கொண்டு முன்னைவிட வேகமாக அரிக்கும்.

வலப்பக்கத்தை முதலில் பார்த்தேன். கீழ்ச்சட்டத்தின் விளிம்பில் தொழிற்சாலைப் புள்ளிவெல்டிங் ஒழுங்கான இடைவெளியில் தெரிந்தது. நீர் வடியும் துளைகள் திறந்திருந்தன. வெளித்தகடு மட்கார்டுக்குள் நுழைந்து மறைந்தது. காந்தம் முழு நீளத்துக்கும் ஒரே பிடியாகப் பிடித்தது. மனம் கொஞ்சம் இளகியது.

இடப்பக்கம் வந்தபோது விரல்தான் முதலில் சொல்லியது. கதவைத் திறந்து, அடிப்பெட்டிக்குக் கீழே கையை விட்டு, விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். வலப்பக்கத்தில் கூர்மையாக இருந்த விளிம்பு இங்கே தடித்து, வழவழவென்று, மெழுகு வார்த்ததுபோல் இருந்தது. அடியில் பூசும் கறுப்புத் தார்ப்பூச்சை இந்தப் பக்கம் மட்டும் புதிதாக, தாராளமாக அப்பியிருந்தார்கள். வடிதுளைகளைக் காணவே இல்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தால், முன் மட்கார்டின் கீழ் ஓரத்தில் தகடு உள்ளே போகாமல் அங்கேயே முடிந்து, ஓரத்தில் தொடர்வெல்டிங் ஓடியது. காந்தம் நடுப்பகுதியில் பிடித்தது, இரு முனைகளிலும் நழுவி விழுந்தது. மூடு தகடு, முனைகளில் பட்டி.

ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி என்று மாமா கேட்டார். இங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஓரத்து மணலும் தேங்கிய நீரும் இடப்பக்கச் சக்கரங்கள் வழியாகத்தான் மேலே தெறிக்கின்றன. நான் பார்த்த கார்களில் பலவற்றுக்கு இடப்பக்கமே முதலில் போயிருக்கிறது.

அடுத்தது நான் எப்போதும் செய்யும் சோதனை. கதவின் பின் ஓரத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேல்முனையில் அளக்க வேண்டும். துளையிடும் பிட்டின் தண்டே நல்ல அளவுகோல். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது வலப்பக்கம் 4 மில்லிமீட்டர் பிட் சரியாக நுழைந்தது. இடப்பக்கம் 3 மில்லிமீட்டர்தான் நுழைந்தது, கீழ்முனையிலோ இடைவெளி அகன்றிருந்தது. அடிப்பெட்டி தளர்ந்தால் கார் நடுவில் தொய்ந்து, கதவு இடைவெளி மேலே நெருங்கிக் கீழே விரியும். பிறகு தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் நடுக் குறுக்குச்சட்டத்தின் முனையில் பலகை வைத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்கினேன். வலப்பக்கத்தைத் தூக்கியபோது அந்த 4 மில்லிமீட்டர் மாறவில்லை. இடப்பக்கத்தைத் தூக்கியதும் 5 மில்லிமீட்டர் பிட் தாராளமாகப் போய்வந்தது. கதவைச் சாத்திப் பார்க்கச் சொன்னேன். மாமா சாத்தினார், பூட்டு கொக்கியில் இடித்துத் திரும்பியது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் இந்த ஒரு சத்தத்தை அவரே தம் கையால் சாத்திக் கேட்டது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் போனட்டைத் திறந்தோம். விற்பவர் ஒரு தாளை நீட்டினார். ஜோகன்னஸ்பர்க் பட்டறை ஒன்றில் எடுத்த கம்ப்ரஷன் அளவு, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற கணக்கு. நான்கு சிலிண்டருக்கும் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 130 பவுண்டு வரை. இந்த 1,798 சிசி எஞ்சினுக்கு 160 பவுண்டு அளவில் இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்து வந்திருந்த மாமா என் காதருகே வந்து, "எஞ்சினும் போய்விட்டதா?" என்றார். இல்லை. அத்தனை உயரத்தில் காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் இழுக்கும் காற்று குறைந்தால் கருவி காட்டும் எண்ணும் குறையும். அங்கே 128 காட்டும் எஞ்சின் இங்கே 155 அளவில் காட்ட வேண்டும். என் கருவியை மாட்டி அளந்தேன்: 158, 155, 150, 154. நான்கும் அருகருகே. மேட்டுநிலத் தாளைக் கடலோரக் கணக்கில் படித்து நல்ல எஞ்சினைக் கழித்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் தாள் வேறொன்றையும் சொல்லியது. அதன் தேதி ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தியது. அதன் பிறகு கார் எங்கே இருந்தது? பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டின் அலுமினிய உடலிலும் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. போல்ட் தலைகள் எல்லாம் செம்பழுப்பு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் நல்ல பழுப்பு நிறம். மெலிந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்த காரைக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் காற்று அதிகமாகிப் பிளக் வெளுத்துவிடும். இங்கே நிறம் சரியாக இருந்ததால், யாரோ இந்தக் கரையிலேயே அதைச் சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அலுமினியம் இப்படிப் பூக்காது. விற்பவரிடம் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். சற்று நேரம் கழித்து, தமக்கு விற்றவரும் இதே கடலோரத்தில் இருந்தவர்தான் என்றார். தாம் வாங்கி இரண்டு மாதம் என்பதைத்தான் சொன்னாராம். அவருக்கு மூடு தகடு பற்றித் தெரியாது என்றே நம்புகிறேன். தரையில் அத்தனை நேரம் என்னைப் படுக்க விட்டவர் அவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி திருப்பியதும் பின்பக்கம் மின்சாரப் பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடித்து, சில நொடியில் நின்றது. நிற்காமல் அடித்தால் கசிவு என்று பொருள். எஞ்சின் சூடேறிய பின் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60 பவுண்டு, நின்று சுழலும்போது 20. இரண்டும் நல்ல அளவு. மணிக்கு 100 கிலோமீட்டரில் நான்காம் கியரில் 3,500 சுற்று ஓடியது, ஓவர்டிரைவ் போட்டதும் 2,900க்கு இறங்கியது. மூன்றாம் கியரிலும் வேலை செய்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்த நாட்டில் 2006 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகள் போட்டதற்கான பில்லும் கோப்பில் இருந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தது. மாமாவை பிரேக்கை மிதிக்கச் சொன்ன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஆகவே சக்கர பேரிங் அன்று, முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின் என்ற அச்சாணி. கிரீஸ் அடிக்காமல் விட்டதன் விளைவு. பின் கம்பிச் சக்கரம் ஒன்றை, பிரேக் பிடித்த நிலையில் முன்னும் பின்னும் திருப்பியபோது 'டக்' என்றது. சக்கரம் அச்சோடு பொருந்தும் உள்பற்கள் தேய்ந்திருந்தன.

காகிதங்களில் ஓர் எண்ணைக்கூட விடக்கூடாது. எஞ்சின் அறையில் ரிவெட் அடித்த தகட்டின் எண்ணையும், எஞ்சினின் வலப்பக்கம் உள்ள சிறு தகட்டின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பொருந்தின. எஞ்சின் எண் மாறியிருந்தால் போலீஸ் அனுமதி வாங்காமல் பெயர் மாற்ற முடியாது. சாலைத்தகுதிச் சான்றிதழ் புதிதாகவே இருந்தது. அது 60 நாள் செல்லும் பெயர்மாற்றத்துக்கு வேண்டிய தாள். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைப் பார்த்துத் தருவது. மூடிய பெட்டிக்குள் இருப்பதைத் திறந்து பார்ப்பது அந்தச் சோதனையின் வேலை அன்று. 'சான்றிதழ் இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விற்பனைத் தாளில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதியிருந்தது. இருக்கும் நிலையிலேயே விற்கிறேன், பிறகு குறை சொல்லாதே என்று பொருள்படும் பழைய டச்சுச் சட்டச்சொல். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது இது செல்லும். மறைந்த குறை ஒன்றை அறிந்தே மூடிமறைத்தவரை இந்தச் சொல் காப்பாற்றாது. ஆனால் அறிந்திருந்தார் என்று நிரூபிப்பது வாங்கியவர் தலையில் விழும். அதனால்தான் வாங்கும் முன்பே விரலால் தடவச் சொல்கிறேன்.

அன்று காரை எடுக்காமல் திரும்பினோம். வழி முழுவதும் மாமா பேசவில்லை. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இடப்பக்க அடிப்பெட்டியின் எல்லாத் தகடுகளும், குறுக்குச்சட்ட முனை, கிங்பின், ஒரு சக்கரம். இந்தக் காரில் ஒரு நல்லது உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் இதன் உடல் தகடுகளை இன்றும் செய்து தருகிறது. பொருள் கிடைக்குமா என்ற கவலை இல்லை, கூலிதான் பெரிது. என் கூலியை நாற்பது மணி நேரம் என்று போட்டேன். கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்லச் சொன்னேன். விற்பவர் மறுத்தார். ஐந்து வாரம் கழித்து அவரே அழைத்தார். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். எங்கள் விலைக்கே கொடுத்தார்.

பட்டறையில் கதவு வாயின் குறுக்கே இரும்புக்குழாய் பற்றவைத்து உடலை இறுக்கிய பிறகே அறுத்தேன். அதைச் செய்யாமல் அறுத்தால் கார் நடுவில் மடிந்துவிடும். மூடு தகட்டை உரித்ததும் உள்ளே பழைய வெளித்தகடு காகிதச் சருகுபோல் உதிர்ந்தது. நடுத்தகடு பாதி நீளத்துக்கு இல்லவே இல்லை. பெட்டியின் அடியில் இரண்டு கையளவு ஈரமண் இருந்தது. அதில் வெள்ளை மணலும் சிப்பித் துணுக்கும் கலந்திருந்தன. வலப்பக்கத்தில் வடிதுளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தேன். தொழிற்சாலை வண்ணம் இன்னும் ஒட்டியிருந்தது.

நான் தவறவிட்டவை இரண்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள், ஒரு தடுப்புத் தகடு உண்டு. அதன் ரப்பர் ஓரம் சிதைந்தால் சேறு பின்னால் போய்த் தங்கிவிடும். அங்கே உள்சுவர் ஓட்டையாகியிருந்தது. அந்தக் கேமராவை அன்றே கொண்டுபோயிருந்தால் கண்டிருப்பேன். இரண்டாவது பெட்ரோல் டாங்கி. இந்தக் காரில் டாங்கி மேலிருந்து அரிக்கும். டாங்கியின் மேற்புறத்துக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே ஈரம் தங்குவதே காரணம். கீழே படுத்துப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிவைத்தேன். முழுக்க நிரப்பி ஓட்டிப் பார்த்து, டிக்கியைத் திறந்து முகர்ந்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும். கால்வாசி பெட்ரோலில் ஓட்டிப் பார்த்தது என் பிழை. ஓரிடத்தில் வீணாகப் பயந்தும் இருந்தேன். இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் தொங்கும் பெட்டிகள் அழிந்துவிட்டன என்று கணக்கில் சேர்த்திருந்தேன். சுரண்டிப் பார்த்தால் மேல்துரு மட்டுமே. நாற்பது மணி நேரம் என்று போட்ட கூலி அறுபத்திரண்டு மணி நேரமாயிற்று. மிகுதியை மாமாவிடம் வாங்கவில்லை.

வண்ணம் அடிப்பதற்கு முன்பே, குழாய்களை அறுத்தெடுத்த அன்று மாலை, மாமாவை வரச் சொன்னேன். இடப்பக்கம் 4 மில்லிமீட்டர் பிட் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி நுழைந்தது. ஜாக்கியை அதே இடத்தில் வைத்துத் தூக்கினேன், பிட்டை மாமாவிடமே கொடுத்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு முறை நுழைத்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து சாத்தினார். இந்த முறை பூட்டு இடிக்கவில்லை.